ஆனைமலையில் அரைத்த மிளகாய்

1. மனு

தாரணி காணாமல் போன மறுநாள் காலை எங்கள் ஸ்டேஷனுக்கு முதலில் வந்து இறங்கியது ஒரு சாக்கு இளநீர். அதற்குப் பின்னால் அவளுடைய தாய்மாமன் வந்தார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவருக்குப் பின்னால், சுவரோடு சுவராக, அவளுடைய அம்மா.

நான் அப்போது கோவை கணபதி பக்கம் ஒரு ஸ்டேஷனில் எஸ்.எஸ்.ஐ. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். எங்கள் ஊரில் ஒருவர் திட்டினால் அது திட்டு என்று தெருவுக்கே தெரியும். இங்கே வந்த புதிதில் ஒருவர் என்னைத் திட்டியதே மறுநாள்தான் எனக்கு உறைத்தது, அவ்வளவு ‘ங்க’ போட்டிருந்தார். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண் காவலர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

தாரணி பொறியியல் இரண்டாம் வருடம். பொள்ளாச்சிப் பக்கத்து ஊர். அப்பா இல்லை. கணபதியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். முந்தின ராத்திரி தோழி ஒருத்திக்குப் பிறந்தநாள் என்று ஐந்தாறு பேராக வெளியே சாப்பிடப் போயிருக்கிறார்கள். பாட்டு, ஆட்டம், கேக். திரும்பும்போது விக்னேஷ் என்ற வகுப்புப் பையன் பைக்கில் கொண்டுவந்து ஹாஸ்டல் வாசலில் விட்டான். எதிர் வீட்டு கேமராவில் அது இருந்தது. அவள் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று போனைக் காதில் வைத்துக் கேட்டதும், கொஞ்ச நேரத்தில் அதே பைக் திரும்பி வந்ததும், அவள் மறுபடி ஏறிக்கொண்டதும்கூட இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. போன் சுவிட்ச் ஆஃப்.

தாய்மாமன் வேலுச்சாமி மனுவைக் கையோடு எழுதிக்கொண்டு வந்திருந்தார். விக்னேஷ் பெயர், அவனுடைய அப்பா பெயர், பெருந்துறையில் அவர்கள் வீடு இருக்கும் தெரு, எல்லாம் அதில் இருந்தது.

“அந்தப் பையந்தானுங்க மேடம். நாங்க யாரையும் சும்மா சொல்ல மாட்டோமுங்க. அவிய என்ன ஆளுங்கன்னு நீங்களே விசாரிச்சுப் பாருங்க, உங்களுக்கே புரிஞ்சுரும்.”

அவர் ‘ஆளுங்க’ என்று சொன்னது எதை என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விக்னேஷின் தாத்தா காலம் வரை தோட்டங்காட்டில் கூலி வேலை. அப்பா பெருந்துறை சிப்காட்டில் மெஷின் ஆபரேட்டர். இவர்கள் பக்கம் தென்னந்தோப்பு, கிணறு, கார். இதுதான் விஷயம்.

‘பெண் காணவில்லை’ என்று எஃப்.ஐ.ஆர். போட்டோம். இன்ஸ்பெக்டர் விசாரணையை என் கையில் கொடுத்தார்.

“செல்வியம்மா, பொண்ணு மேட்டர். நீங்களே பாத்துக்கங்க. சீக்கிரம் முடிச்சுருங்க, மேல இருந்து கேக்கறாங்க.”

எனக்கும் சீக்கிரம் முடிக்கத்தான் ஆசை. பத்தொன்பது வயதுப் பெண் உயிரோடு இருக்கிறாளா என்பதே தெரியாமல் இருந்தோம்.

2. போன்

மத்தியானத்துக்குள் அந்த கேமரா வீடியோ ஊர் முழுக்கப் போய்விட்டது. ஸ்டேஷனில் இருந்து போகவில்லை, எதிர் வீட்டுக்காரரே நல்லெண்ணத்தில் யாருக்கோ அனுப்பியிருக்கிறார். அதற்கு மேல் போன் ஓயவில்லை.

“ஏனுங்க மேடம், அந்தப் புள்ளய நா பழனி அடிவாரத்துல பார்த்தனுங்க, கழுத்துல மாலையோட.”

“ஊட்டி பஸ்ஸுல இருந்துச்சுங்க. கூட ரெண்டு பசங்க.”

“கஞ்சா கேஸுங்களா மேடம்? எங்க அபார்ட்மென்ட் குரூப்புல அப்படித்தான் போட்டிருக்காங்க.”

பழனிக்கும் ஊட்டிக்கும் ஆள் அனுப்பினோம். அனுப்பாமல் இருக்க முடியாது, நூறில் ஒன்று நிஜமாக இருந்துவிட்டால்? பழனியில் மாலையோடு இருந்தது வேறு ஒரு பாவப்பட்ட புதுப்பெண். அவளுடைய புருஷனையும் சேர்த்து எங்கள் ஆட்கள் விசாரித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுத் திரும்பினார்கள்.

யூடியூப் சேனல் தம்பி ஒருவன் மைக்கோடு வந்து கேட்டான்: “மேடம், அன்னிக்கு அந்தப் பொண்ணு என்ன டிரஸ் போட்டிருந்துச்சு?”

“உங்க தங்கச்சி இன்னிக்கு என்ன டிரஸ் போட்டிருக்கு தம்பி? சொல்லுங்க, அதையும் சேர்த்து எழுதிக்கறேன்” என்றேன். அதை மட்டும் அவன் ஒளிபரப்பவில்லை.

டீ கொண்டுவருகிறவர், டம்ளரை வைத்துக்கொண்டே, “யாரோட போச்சுங்க?” என்பார். வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரரே தட்டில் கை வைத்தபடி, “யார் கூடப் போனாளாம்?” என்றார். அன்றைக்கு அவருக்கு ரசம் மட்டும்தான் கிடைத்தது. அவள் செத்துக் கிடக்கலாம், எங்காவது அடைபட்டிருக்கலாம் என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்கோ அந்தச் சந்தேகமே இல்லை. போயிருக்கிறாள், யாரோடு என்பதுதான் பாக்கி.

விக்னேஷைத் தினமும் மத்தியானம் வரச்சொல்லி, ராத்திரி வரை பெஞ்சில் உட்காரவைத்திருந்தோம். ஒல்லியான பையன். கேட்டால் ஒரே பதில்: “காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல எறக்கி உட்டேன் மேடம். எங்க போறேன்னு சொல்லல.” பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. எதற்குச் சொல்கிறான் என்று தெரியவில்லை. தப்பு செய்தவன் ஓடிப்போயிருப்பான். இவன் எங்கள் விசாரணை இல்லாத நேரத்தில் கல்லூரிக்குப் போய் அட்டெண்டன்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தான்.

வேலுச்சாமி தினமும் வந்தார். வரும்போதெல்லாம் இளநீர். “வெயிலுங்க, குடிங்க மேடம்” என்பார். பாரா நிற்கிறவர் முதல் எல்லோரும் குடித்தோம். குடித்துவிட்டு நிமிரும்போது மெதுவாகக் கேட்பார்: “அந்தப் பையங்கிட்ட ஒரு அஞ்சு நிமிசம் நா தனியாப் பேசுட்டுங்களா?” நான் விடவில்லை. சட்டம் அப்படி என்று சொன்னேன். உண்மையில், அவர் அந்தப் பையனைப் பார்க்கும் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

3. வீடியோ

மூன்றாம் நாள் தாரணியின் அம்மாவை உறவுக்காரர்கள் ஆனைமலை மாசாணியம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போனார்கள். அநியாயம் நடந்தவர்கள் அங்கே போய் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். அநியாயம் செய்தவனுக்கு அந்த எரிச்சல் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. நியாயம் கிடைத்த பிறகு திரும்பிப் போய் எண்ணெய்க் காப்பு செய்து அம்மனைக் குளிரவைக்க வேண்டும்.

அந்த அம்மா கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய மிளகாய் அரைப்பதை யாரோ செல்போனில் எடுத்துவிட்டார்கள். அவர் வாய் அசைவது தெரியும், என்ன சொல்கிறார் என்று கேட்காது, மேலே சாமிப் பாட்டு ஒன்றை ஏற்றியிருந்தார்கள். பக்கத்தில் விக்னேஷின் போட்டோ. கீழே, ‘தாய் அவன் பெயர் சொல்லி அரைத்துவிட்டாள், இனி நம் பொறுப்பு’ என்று ஒரு வரி.

அதுவரை வம்பாக இருந்தது, அந்த வீடியோவுக்குப் பிறகு தீர்ப்பாக மாறிவிட்டது. அம்மனே கையெழுத்துப் போட்ட மாதிரி பேச ஆரம்பித்தார்கள். சாயங்காலம் பெருந்துறையில் இருந்து விக்னேஷின் அப்பா பேசினார்.

“மேடம், எங்க வீதில புதுசா காருங்க வந்து நிக்குதுங்க. எறங்கல, சும்மா நிக்கறாங்க. எம் பொண்டாட்டி பயப்படறாளுங்க.”

பெருந்துறை ஸ்டேஷனுக்குச் சொல்லி அந்த வீதியில் ஆள் போடச் சொன்னேன். பிறகு விக்னேஷை உள் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, அந்த வீடியோவைக் காட்டினேன். அவனுடைய அப்பா சொன்னதையும் சொன்னேன்.

“அவ எங்க இருக்கான்னு உன்னைக் கேட்கல. யார் கூட இருக்கான்னும் கேட்கல. உயிரோட இருக்காளா, அதை மட்டும் சொல்லு.”

வீடியோவை நிறுத்திவிட்டுப் போனை என் பக்கம் தள்ளினான்.

“இருக்காங்க மேடம்.”

நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

“அப்புறம் ஏண்டா சொல்லல?”

“சொன்னா அவங்க மாமாவுக்குத் தெரிஞ்சுரும் மேடம். அவருக்குப் பயந்துதான அவங்க போனதே.”

அந்த நிமிடம் அவளுடைய மாமா கதவுக்கு வெளியே உட்கார்ந்து எங்கள் ரைட்டருக்கு இளநீர் சீவிக்கொண்டிருந்தார். அரிவாள் விழும் சத்தம் உள்ளே கேட்டது.

“நீயாவது எங்காவது போயிருக்கலாமே?”

“நானும் காணாமப் போனா, ரெண்டு பேரும் ஒண்ணா ஓடிட்டோம்னு ஆயிருமே மேடம். அதான் தெனமும் காலேஜுக்குப் போனேன்.”

இருபது வயதுப் பையனுக்கு இருந்த அந்த யோசனை ஊரில் பெரிய மனிதர் ஒருவருக்கும் இல்லை. என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

4. திருப்பூர்

மாமனுக்குத் தெரியவிட மாட்டேன் என்று நான் உறுதி சொன்ன பிறகு விக்னேஷ் இடத்தைச் சொன்னான். தாரணி திருப்பூரில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த பெண் ஒருத்தி பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், அவளுடைய வாடகை அறையில். கல்லூரித் தோழிகளையும் பையன்களையும் துருவியவர்கள் யாரும் அந்தப் பெண்ணை நினைக்கவே இல்லை. நானும் இன்னொரு பெண் காவலரும் மஃப்டியில் போனோம். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

தோழியின் போனில் தன்னைப் பற்றிய வீடியோக்களை எல்லாம் அவள் பார்த்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“மேடம், நான் செத்துட்டேன்னு ஒருத்தர் போட்டிருக்கார். அதுக்குக் கீழ, செத்தா நல்லதுதான்னு ஒருத்தர் போட்டிருக்கார்” என்றாள்.

தன்னுடைய போனை ஆன் செய்து, அன்று ஹாஸ்டல் வாசலில் நின்று கேட்டதை எனக்குப் போட்டுக் காட்டினாள். பிறந்தநாளுக்குப் போன பெண் ஒருத்தி ஸ்டேட்டஸில் வைத்த படத்தில் தாரணி பைக்கில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அது சுற்றிச் சுற்றி மாமனிடம் போயிருக்கிறது. அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இது:

“ஏங்கண்ணு, போட்டோ பார்த்தேன். நல்லாச் சிரிக்கற. அந்தப் பையன் ஊடு பெருந்துறைல எங்க இருக்குதுன்னு விசாரிச்சுப்போட்டேன் கண்ணு. நீ காலைல மொத பஸ்ஸுக்கு ஊட்டுக்கு வந்துரு. படிச்சது போதும். வரலீன்னா சொல்லு, நாங்க அவிய ஊட்டுக்குப் போயிட்டு வாரோம்.”

ஒரு கெட்ட வார்த்தை இல்லை. குரல்கூட உயரவில்லை. இரண்டு தடவை கண்ணு என்றிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“வீட்டுக்குப் போனா என்னை வெளிய உட மாட்டாங்க. போகலைன்னா அவனை உட மாட்டாங்க. எங்கயுமே இல்லாமப் போயிட்டா கொஞ்ச நாள்ல ஆறிரும்னு நெனச்சேன் மேடம்.”

ஆறவில்லை. ஊர் ஊதி ஊதிப் பெரிதாக்கிவிட்டது.

அவளை நேராக மாஜிஸ்டிரேட் முன்னால் ஆஜர்படுத்தினோம். வீட்டுக்குப் போக விருப்பமில்லை, படிக்க வேண்டும், உயிருக்குப் பயமாக இருக்கிறது என்று வாக்குமூலம் கொடுத்தாள். மேஜர் என்பதால் அவள் விருப்பப்படி விட்டார்கள். இன்ஸ்பெக்டர் முதலில், “பேசி முடிச்சுரலாமே செல்வியம்மா, பெரிய குடும்பம்” என்றார். அந்த வாய்ஸ் மெசேஜை அவர் மேசையில் வைத்து ஒருமுறை போட்டேன். கேட்டு முடித்ததும் அவரே ரைட்டரைக் கூப்பிட்டார். வேலுச்சாமி மேல் மிரட்டல் வழக்குப் பதிவானது. ஸ்டேஷன் ஜாமீனில் போய்விட்டார் என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு ஸ்டேஷனில் தாரணியின் அம்மாவுக்கு அந்த மெசேஜை நான்தான் போட்டுக் காட்டினேன். அவர் அழவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, “இன்னொருக்காப் போடுங்க மேடம்” என்றார். மறுபடி கேட்டார். பிறகு எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஜாமீனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலுச்சாமி அவரிடம் போனார். இத்தனை நாளும் எங்கள் யாருக்கும் பயப்படாத மனிதர், தங்கை முன்னால் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

“அம்மணி, புள்ளதான் கெடச்சுருச்சே. நாளைக்கே ஆனைமலைக்குப் போயி எண்ணெய்க் காப்ப செஞ்சுபோட்டு வந்துரலாம். காரு நா எடுத்துட்டு வாரேன்.”

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் தயவில் குடும்பம் நடத்துகிறவர். வந்த நாளில் இருந்து அண்ணன் முன்னால் அவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

“நா யாரு பேரும் சொல்லி அரைக்கலீங்கண்ணா. எம் புள்ளயத் தொரத்துனவங்க யாரோ அவங்களுக்கு எரியட்டும்னுதான் அரச்சேன். உங்களுக்கு ஏனுங்க எரியுது?”

அவர் காரை நோக்கி நடந்தார். அந்த அம்மா அவருடன் போகவில்லை. பொள்ளாச்சி பஸ் ஏற உக்கடத்துக்கு எப்படிப் போவது என்று பாரா நின்றவரிடம் கேட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினார்.

தாரணி படிப்பை முடித்துவிட்டாள். அந்த வீடியோக்கள் இன்னும் இருக்கின்றன. இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். ஒரு பெண்ணைக் காணோம் என்று யார் மனு கொண்டுவந்தாலும், எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், கடைசியாக நீங்கள் அவளிடம் என்ன பேசினீர்கள் என்று முதலில் அவரையே கேளுங்கள். அவர் கொடுக்கும் எதையும் அதற்கு முன்னால் வாங்கிக் குடித்துவிடாதீர்கள்.