ஜன்னல் கம்பியில் அடித்த குறடு

இன்று காலை அடுக்களையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. லொடக் என்று, சின்னதாக. நீங்கள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் உங்களுக்குக் கேட்டே இருக்காது. நான் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், பாதியில் எழுந்தால் விட்ட இடத்தைத் தேடவே கால்மணி நேரம் ஆகும். இருந்தாலும் ஓடினேன்.

என் சம்சாரம் அற்புதம் கஞ்சி வடிப்பதற்காகச் சோற்றுக் குண்டானை இடுக்கியால் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். இடுக்கியின் ஆணி ஆடிக்கொண்டிருந்தது. "அற்புதம், கீழ வையி" என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை. அவளுக்குக் காது போய் ரொம்ப நாளாகிறது. தோளைத் தொட்டால் திடுக்கிட்டுக் குண்டானை விட்டுவிடுவாளோ என்று தொடவும் பயம். பக்கவாட்டில் நகர்ந்து, அவள் கண்ணில் படும்படி நின்று, கையை ஆட்டினேன். குண்டானை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, இப்போது என்ன வந்துவிட்டது என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

இடுக்கியை வாங்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். சூடான இரும்பும் கஞ்சியும் கலந்த வாசனை அதில் இருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய பட்டறை ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் வருகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடுக்கியில் இருக்கும் ஆணி நான் அடித்தது. என் கையால் நான் முடுக்கிய முதல் ஆணிகளில் ஒன்று.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நன்னிலத்திலிருந்து நீடாமங்கலம் வரை யார் வயலில் அறுவடை மிஷின் மக்கர் செய்து நின்றாலும் முதல் போன் என் பட்டறைக்குத்தான் வரும். கம்பெனி ஆள் வந்து பார்த்து, உதடு பிதுக்கி, பெரிய ஊரிலிருந்து சாமான் வரவேண்டும் என்பான். நான் அன்று சாயங்காலத்துக்குள் ஓடவைத்துவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். சம்பாதித்துக் கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன், யார் தடுக்கப்போகிறார்கள்.

ஆனால் அந்தக் காலத்தில் என்னை எல்லாரும் சம்மட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கொல்லுப் பட்டறை வைத்திருந்த பெரியாசாரியிடம் நான் சம்மட்டி அடிக்கிற ஆள். அவர் பழுத்த இரும்பைக் குறட்டால் பிடித்து பட்டறைக்கல்லில் வைப்பார். நான் எதிரில் நின்று ஓங்கி அடிப்பேன். அவ்வளவுதான் என் வேலை. எங்கே அடிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கும் சின்னச் சுத்தியல் சொல்லும்.

ஒருநாள் அவர் குறட்டிலிருந்து, ஏர் முனையில் மாட்டும் கொழு நழுவிவிட்டது. நழுவிய இரும்பு பிடித்தவர் பக்கம் போகாது. அடிக்கிற வேகத்தில் எதிரில் நிற்பவன் மேல்தான் பாயும். என் வலது தொடையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, வேட்டிக்குள் இருப்பதால் உங்களுக்குக் காட்ட முடியாது. அன்றிலிருந்து நான் சம்மட்டியை ஓங்கும்போதெல்லாம் இரும்பைப் பார்க்கமாட்டேன், குறட்டின் ஆணியைத்தான் பார்ப்பேன்.

எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் ஆவணியில், பெரியாசாரி கோயம்புத்தூரில் மில் வேலையில் இருந்த மகனோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். சாமான்களை மூட்டை கட்டினார்.

"பட்டறக்கல்லு கனம், நான் எங்க தூக்கிட்டுப் போறது, நீயே வச்சுக்க. துருத்தியும் இருக்கட்டும். சம்மட்டி நீ அடிச்சது, அதுவும் உனக்குத்தான். கொறடு மட்டும் கேக்காத" என்றார்.

"மாதிரிக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்களேன்."

"அது என் கைக்கு வளஞ்சதுப்பா. இன்னொருத்தன் புடிச்சா நழுவும். அவனவன் கொறட்ட அவனவன்தான் அடிச்சுக்கணும், அதான் மொற."

பழைய ஆசாரிகள் வழக்கம் அப்படி. சுத்தியலைக் கேட்டால் கொடுப்பார்கள், உளியைக் கொடுப்பார்கள், குறட்டைக் கொடுக்கமாட்டார்கள். எல்லாக் குறட்டையும் சாக்கில் போட்டுக் கட்டிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மறுநாள் டீக்கடையில் போய் நின்று, "குறுவ அறுப்புக்கு அருவா எல்லாம் எங்கிட்டயே கொண்டாங்க. பெரியாசாரி இருந்தப்ப எப்படியோ அப்படியே நடக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

"இரும்ப எதால புடிப்ப சம்மட்டி, வாயாலயா?" என்றான் ஒருவன்.

"புடிப்பான்யா. அதுதான் எப்பவும் சூடா இருக்கே" என்றான் இன்னொருவன்.

டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் நம்பியோ கேலிக்கோ, சொன்னபடி கொண்டுவந்து போட ஆரம்பித்துவிட்டார்கள். பல் தேய்ந்த கதிர் அரிவாள்கள், புது அரிவாள் அடிப்பதற்கு லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டுகள் என்று பட்டறை மூலையில் குவிந்தது. பட்டைத் துண்டு ஒரு சாண் நீளம்கூட இருக்காது. குறடு இல்லாமல் அதைத் தீயிலிருந்து எடுக்கவே முடியாது. வெளியே வயலில் கதிர் பழுத்துக்கொண்டிருந்தது. தினமும் காலையில் வயலின் நிறத்தைப் பார்ப்பேன், வந்து மூலையில் கிடக்கும் குவியலைப் பார்ப்பேன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நான் குறட்டைப் பிடித்தால் சம்மட்டி யார் அடிப்பது? கூலிக்கு ஆள் வைக்க வக்கில்லை. அற்புதம் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "நான் அடிக்கிறேன்" என்றாள். ஏதோ வாசல் தெளிக்கிறேன் என்பதுபோல.

அவள் தரங்கம்பாடிக்காரி. அவள் அண்ணன் கடலுக்குப் போகிறவர், பெயர் தேவதாஸ். அந்த வாரம் கருவாட்டுக் கூடையோடு வந்திருந்தவர் இதைக் கேட்டுவிட்டார்.

"மாப்ள, பேசாம எங்கூட கடலுக்கு வந்துடுங்க. அங்க மீனு மேல விழுந்தா சுடாது" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அறுப்பு முடிஞ்சதும் வருவேன். வர்றப்ப இவ ஒடம்புல ஒரு தீக்காயம் இருந்துச்சு, பேச்சே கெடையாது, கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றார். சொன்னால் செய்கிற மனிதர்.

அவர் போன பிறகு எனக்குத் தொடைத் தழும்பு அரிக்க ஆரம்பித்தது. நான் நின்ற இடத்தில் இனி அவள் நிற்கப்போகிறாள். குறடு சரியாக வந்துவிட்டால் எல்லாம் நடக்கும். சரியாக வராத குறடு நழுவினால், இரும்பு அவள் மேல்தான் போகும்.

குறடு அடிப்பதற்கே ஒரு குறடு வேண்டுமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் ஒரு ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தேன். நீளமான கம்பியாக இருந்தால் ஒரு முனை பழுத்தாலும் மறுமுனை ஆறியிருக்கும், கையாலேயே பிடிக்கலாம். எங்கள் வாடகை வீட்டு ஜன்னலில் நல்ல சதுரக் கம்பிகள் இருந்தன. இரண்டைப் பிடுங்கிவிட்டேன்.

"திருடன் வந்தா?" என்றாள் அற்புதம்.

"வந்தா சம்மட்டிய எடுத்துட்டுப் போகட்டும். நமக்கு வேல மிச்சம்."

அவள் துருத்தி ஊதினாள், நான் அடித்தேன். கம்பி நுனியைப் பழுக்கக் காய்ச்சிப் பட்டறைக்கல் ஓரத்தில் வைத்துத் தட்டையாக்கினால் குறட்டின் வாய். கொஞ்சம் திருப்பி, ஆணி போகும் கண்ணுக்கு இடம் விட்டு, மிச்சத்தை நீட்டினால் கைப்பிடி. பார்த்துப் பார்த்துப் பழகிய வேலைதான். முதல் பாதி அழகாக வந்தது. இரண்டாவதும் அழகாக வந்தது. இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தேன், கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது. எனக்கு ஒரே பூரிப்பு. கண் துளைத்து, கம்பியிலிருந்து வெட்டி எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்தேன்.

சேரவில்லை. ஒரு வாய் கிழக்கே பார்த்தது, ஒரு வாய் மேற்கே பார்த்தது. திருப்பிப் போட்டேன், கவிழ்த்துப் போட்டேன், ஆணியைச் செருகி முறுக்கிப் பார்த்தேன். ஊஹூம். எத்தனையோ வருஷம் ஒரு நாள் விடாமல் குறட்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஏன் சேரவில்லை என்று தெரியவில்லை. டீக்கடைச் சிரிப்பு காதில் கேட்டது. அந்த வாரமே அறுப்பு ஆரம்பிக்கிறது என்று வேறு தண்டோரா போடாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அற்புதம் வீட்டுக்குப் போனாள். சமைக்கிற இடுக்கியைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். அவள் அம்மா சீராகக் கொடுத்தது.

"இதுவும் கொறடுதான? இதப் பிரிச்சுப் பாருங்க."

"ஒன் சீரு சாமானு."

"சீர வச்சு சாமியா கும்புடப் போறேன்? ஒடைங்க."

ஆணித் தலையை உளியால் சீவித் தட்டினேன். இடுக்கி இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பாதியையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நான் இடதும் வலதுமாக ஒரு ஜோடிச் செருப்பு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இரண்டும் ஒரே மாதிரி. இரண்டும் ஒரே பக்கம் வளைந்திருந்தன.

"ரெண்டும் எதுத்தாப்ல நிக்கிற ஆளு இல்லீங்க. ஒரே ஆளு, ரெண்டு தடவ. ஒண்ண புரட்டிப் போட்டாத்தான் கட்டிக்குது" என்றாள்.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஜன்னலில் மூன்றாவது கம்பியும் போயிற்று. இந்த முறை முதல் பாதியைக் கல்லின் மேல் கண்முன்னே வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து அதையே இன்னொரு முறை அடித்தேன். ஆணியைப் பழுக்கக் காய்ச்சிச் செருகித் தலை தட்டினேன். ஆறும்போது குறட்டைத் திறந்து மூடிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே இறுகி நின்றுவிடும். நான் திறந்து மூட, அவள் தண்ணீர் ஊற்றினாள். குறடு வாய் திறந்தது, மூடியது. அதே சூட்டோடு அவள் இடுக்கிக்கும் ஓர் ஆணி முடுக்கிக் கொடுத்தேன்.

முதல் பட்டைத் துண்டைத் தீயிலிருந்து எடுத்துக் கல்லில் வைத்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரில் வந்து சம்மட்டியோடு நின்றாள்.

"இறுக்கமா இருக்கா?" என்று கேட்டாள்.

குறட்டை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன். "இருக்கு. போடு" என்றேன்.

போட்டாள். குறடு என் கையில் அதிர்ந்தது, நழுவவில்லை. மறுபடி போட்டாள். மூன்றாவது அடியில் இரும்பிலிருந்து ஒரு செதில் தீப்பொறியாகப் பறந்து அவள் முழங்கையில் ஒட்டியது. இரும்புதான் நழுவிவிட்டது என்று நினைத்து நான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

அவள் கையை உதறிவிட்டு என்னை முறைத்தாள். "ஏன் நிறுத்துனீங்க? இரும்பு ஆறுது பாருங்க."

அன்று மத்தியானமே மிச்சமிருந்த கம்பித் துண்டில் ஒரு வளையம் அடித்துக் குறட்டின் கைப்பிடியில் மாட்டினேன். இரும்பைப் பிடித்ததும் வளையத்தைத் தள்ளிவிட்டால் என் கை விட்டாலும் குறடு வாயைத் திறக்காது. வளையம் போட்ட குறடு மற்ற பட்டறைகளில் இருக்கலாம், எங்கள் பெரியாசாரியிடம் இருந்ததில்லை. பின்னால் பலர் அதைப் பார்த்து, இதென்ன புது யுக்தி என்று கேட்டார்கள். என் மூளை என்று சொல்லிக்கொள்வேன். பயத்தில் செய்தது என்று சொன்னதில்லை.

அறுப்புக்கு முன்னால் அரிவாள்கள் எல்லாம் பல் வெட்டிப் போய்ச் சேர்ந்தன. டீக்கடையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சொன்ன ஒரே பாராட்டு அதுதான். தேவதாஸ் மச்சானும் சொன்னபடி வந்தார். தங்கையின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன?"

"சோத்துக் குண்டான் சுட்டுடுச்சு. இடுக்கிய இவரு பிரிச்சுப் போட்டுட்டாருல்ல" என்றாள் அவள், கண் இமைக்காமல்.

அதன் பிறகு பவர் சுத்தியல் வாங்கும்வரை, இரண்டு பிள்ளைகள் பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்வரை, அவள்தான் எதிரில் நின்று அடித்தாள். ஒவ்வொரு இரும்புக்கும் கேட்பாள், இறுக்கமா இருக்கா என்று. நான் சொல்லுவேன், இருக்கு, போடு. அதைச் சொல்லாமல் ஒரு அடி விழுந்ததில்லை. இரும்பு ஒருநாளும் அவள் பக்கம் பாயவில்லை. அந்த வளையத்தின்மேல் ஆணையாகச் சொல்வேன்.

அவளுக்குக் காது மந்தமானபோது தஞ்சாவூர் டாக்டர் அவள் காதில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அந்தச் சத்தம்தான்" என்றார். பையன் வாங்கிக் கொடுத்த காது மிஷின் பீரோவில் கிடக்கிறது. மாட்டினால் தலைக்குள் வண்டு பறக்கிறதாம். எனக்கும் ஒரு காது மந்தம்தான், ஆனால் ஆணி ஆடுகிற சத்தம் மட்டும் எங்கிருந்தாலும் கேட்கும்.

அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. வரிசையாகக் குனிந்து அறுத்த ஆட்களும் இல்லை, அவர்கள் இடுப்பில் செருகிய கதிர் அரிவாளும் இல்லை. வயலில் மிஷின் இறங்குகிறது, அது நின்றால் எனக்குப் போன் வருகிறது, அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. பவர் சுத்தியல் வந்ததும் குறட்டைக் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தவன் நான்தான்.

இன்று அந்த இடுக்கியை என் இப்போதைய பட்டறைக்கு எடுத்துப்போய்ப் புது ஆணி போட்டேன். அங்கே வேலைக்கு இருக்கும் பையன்கள் வெல்டிங் வைத்துவிடலாம் என்றார்கள். நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நானே காய்ச்சி, நானே தட்டி, ஆறும்வரை திறந்து மூடிக்கொண்டிருந்தேன். தினமும் எட்டு மாத்திரை தின்கிற ஆள், அடி முன்போல விழவில்லை. ஆணித் தலை சரியாகத்தான் உட்கார்ந்தது என்று நினைக்கிறேன். நாலைந்து தடவை சோதித்தேன். வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி இன்னொரு தடவை சோதித்தேன்.

அதற்குள் அவள் பழைய துணியைப் பிடித்து வடித்துவிட்டு, குழம்புச் சட்டியை அடுப்பில் ஏற்றியிருந்தாள். இடுக்கியைக் கொடுத்தேன். வாங்கினாள். இப்போதெல்லாம் அவள் அதிகம் பேசுவதில்லை, தன் குரலே தனக்குக் கேட்காதபோது பேச என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள் போலும். கொதிக்கிற சட்டியின் விளிம்பைப் பிடித்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூக்கினாள். இறுக்கமா இருக்கா என்று கேட்கவில்லை.

நான் வாசற்படியில் நின்று, "இருக்கு. போடு" என்றேன்.