சுண்ணாம்பு அடித்த உருளைக்கிழங்குப் பாத்தி

போன வாரம் அரசாங்க அதிகாரி ஒருவரை ராகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு வரவழைத்தேன். நான்தான் வரவழைத்தேன். இரண்டு தடவை சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். முதல் தடவை பெருமைக்கு... இரண்டாவது, குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு.

கதை கருவாட்டில் தொடங்குகிறது.

சின்ன நிலத்தில் மரக்கறி போடுகிறவர்களுக்கு அரசாங்கம் விதை உருளைக்கிழங்கு இலவசமாகக் கொடுக்கிறது என்று சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் எழுதியிருந்தேன். ஊரே பேசும் என்று எதிர்பார்த்தேன். ராகலை பஜாரில் இருக்கிற என் மளிகைக் கடைக்கு அதைப் பற்றிக் கேட்டு வந்தது ஒரே ஒருவர். வீராயி. பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்.

அவரும் பத்திரிகை வாங்கிப் படித்தவர் இல்லை. முந்தின ஞாயிறு என் கடையில் வாங்கிய கருவாட்டை நான் சுற்றிக் கொடுத்த தாள் அது. வீட்டுக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்லியிருக்கிறார். என் எழுத்து ஏழை ஜனங்களைப் போய்ச் சேருகிறது என்று நண்பர்களிடம் அளந்துகொண்டிருப்பேன். எந்த வாசனையோடு போய்ச் சேருகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வெதக் கெழங்கு குடுக்கிறாங்கன்னு போட்டிருக்கே... அது எங்களுக்கும் உண்டுங்களாய்யா?"

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், ஓடைக்கு இறங்குகிற சரிவில், வீராயி வேலை முடிந்து வந்து கொத்திப் போட்ட பாத்தி ஒன்று இருக்கிறது. போஞ்சி, முட்டைக்கோவா, உருளைக்கிழங்கு. விதைக்கு எடுத்து வைத்த கிழங்கு மழையில் பாதி அழுகிவிட்டது. மிச்சத்தை நட்டிருந்தார். அடுத்த போகத்துக்கு ஒன்றும் இல்லை.

"சும்மா கெடந்தா தோட்டத்துத் தொரை அதுலயும் தேயிலக் கன்ன வச்சிருவாருங்க. எங்க வீட்டுக்காரரு இப்பதான் காச்சல்ல கெடந்து எந்திரிச்சிருக்காரு. அந்தப் பாத்தி போச்சுன்னா அவருக்கு வெறுஞ் சோறுதான்."

விடுவேனா? கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை எடுத்து மாட்டினேன். பொத்தான் போட வயிறு சம்மதிக்கவில்லை. திறந்தபடியே விட்டேன்.

"வெத கேக்கப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றாள் என் மனைவி.

பஸ் ஏறி நுவரெலியா போனேன். விவசாய அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசாத, நிதானமான மனிதர்.

"தோட்டத்து ஆக்களுக்கெண்டு தனியா ஒரு ஏற்பாடும் இல்லை. எண்டாலும் நிலத்தில பயிர் நிக்கிறதை நான் கண்ணால கண்டால் பேரைச் சேர்க்கலாம். வியாழக்கிழமை வாறன்," என்றார்.

காரியம் முடிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஓர் அதிகாரி என் பேச்சைக் கேட்டு வருகிறார் என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? அந்தத் தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கங்காணிக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். கடிதத்தில் நாலு வரி. முதல் இரண்டு வரி, நான் யார் என்பது. மூன்றாவது, வருகிறவர் எவ்வளவு பெரியவர் என்பது. நாலாவது – "லயத்துப் பக்கம் எல்லாம் சுத்தமாக இருக்கட்டும்."

எதைப் பார்க்க வருகிறார் என்பதற்கு ஐந்தாவது வரி தேவைப்பட்டிருக்கும். எழுத மறந்துபோனேன்.

மேலிடத்து ஆள் வருகிறார் என்றால் நம் தோட்டங்களில் என்ன நடக்கும்? காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டிலேயே நாலு ஆளைப் பிரித்து லயத்துக்கு அனுப்புவார்கள். தண்ணீர் ஓடக் கான் வெட்டு, குப்பையை அள்ளு, பச்சையாக எது தெரிந்தாலும் செதுக்கித் தள்ளு, கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடி. இந்த மலையில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா இது? நன்றாகத் தெரியும். கடிதம் எழுதும்போது மட்டும் தெரியவில்லை.

வியாழக்கிழமை அதிகாரியும் நானும் போய் இறங்கினோம். பெரிய கங்காணி தலைப்பாகையோடு நின்றார். கையில் மரியாதைக்கு எலுமிச்சம்பழம்.

"ஐயா எழுதின மாதிரியே செஞ்சுட்டமுங்க. ஒரு புல்லு கூட இல்ல."

உண்மை. லயத்துக்குப் பின்னால் ஒரு புல் கூட இல்லை. போஞ்சிக் கொடியும் இல்லை. கோவாவும் இல்லை. சரிவு மொட்டையாகக் கிடந்தது. அதைச் சுற்றி வரிசையாக வெள்ளைக் கற்கள்.

"பயிர் எங்க?" என்று கேட்டார் அதிகாரி.

கொழுந்து மலையிலிருந்து வீராயியைக் கூட்டி வந்தார்கள். முதுகில் கூடையோடு வந்தவர் பாத்தியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"காலையில வேலைக்குப் போறப்ப இருந்துச்சுங்களே."

பெரிய கங்காணி பதறிப்போய் என் கடிதத்தை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். அவர் நாலு வரியையும் பொறுமையாகப் படித்தார். "எழுத்து வடிவாத்தான் இருக்கு," என்றார். வீராயி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. பத்து வருஷமாக எழுதுகிறேன், இப்படி வெட்கப்பட்டதில்லை.

"பயிர் இல்லாத இடத்துக்கு விதை எழுதேலாது அம்மா," என்று சொல்லி அதிகாரி நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

வீராயி கூடையை இறக்கி வைத்தார். "மேல இருந்ததத்தானுங்க செதுக்கியிருக்காங்க. அடியில இருக்கும். செத்த நில்லுங்க."

மண்வெட்டிக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை. சுண்ணாம்புக் கல் ஒன்றைப் புரட்டித் தள்ளிவிட்டுக் கையாலேயே தோண்டினார். முதலில் வேர்தான் வந்தது. பிறகு ஒரு கிழங்கு... இன்னொன்று... பெரிய கங்காணி கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

"இன்னும் இருவது நாளு விட்டிருந்தா பெருத்திருக்குமுங்க," என்றார் வீராயி. 

அதிகாரி குனிந்து ஒரு கிழங்கை எடுத்தார். மண்ணைத் துடைத்துப் பார்த்தார். நோட்டுப் புத்தகத்தைத் திரும்பத் திறந்தார்.

"பேரைச் சொல்லுங்கோ."

எழுதி முடித்ததும் பெரிய கங்காணி பக்கம் திரும்பினார். "விதை வருமட்டும் இந்தப் பாத்தியில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. துரைக்கும் நான் எழுதுறன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒன்று யோசித்துப் பார்க்கிறேன். அரசாங்கத்து உதவி மேலேயிருந்து வரத்தான் செய்கிறது. வழியில் நிற்கிற பெரிய மனிதர்கள் நாங்கள், ஆளுக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு அடித்துத்தான் கீழே அனுப்புகிறோம். உதவி யாருக்கு என்பது அதற்குள் மறந்துபோகிறது.

கிளம்பும்போது வீராயியிடம் மன்னிப்புக் கேட்டேன். போஞ்சியும் கோவாவும் போனது போனதுதானே? அவர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பரவால்லங்க, நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஒண்ணே ஒண்ணுங்கய்யா... வெதக் கெழங்கு வர்றப்ப எங்ககிட்ட மட்டும் சொல்லுங்க. யாருக்கும் எழுதிறாதீங்க."

கிழங்கு எந்தத் தேதியில் வருகிறது என்று எனக்கு இப்போது தெரியும். இங்கே எழுதமாட்டேன்.