தங்கையின் லேப்டாப்பைத் திறந்த நாள்

புருஷன் வீட்டை விட்டு வந்தபோது என் தங்கை இரண்டு பெட்டி நிறையத் துணிமணிகளைத்தான் கொண்டுவந்தாள். அவளுடைய லேப்டாப் கல்யாணத்துக்குப் பிறகும் கணபதி பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு அலமாரியிலேயேதான் கிடந்தது. பம்ப் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலையில் இருந்தவள் அவள். பெண் பார்க்க வந்தவர்கள், "எங்க ஊட்டுக்கு வர்ற புள்ளை எதுக்குங்க வேலைக்குப் போகோணும்? வேண்டாங்களே" என்று அவ்வளவு பணிவாகச் சொன்னார்கள். எங்கள் பக்கம் கழுத்தை நெரிப்பதாக இருந்தாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் நெரிப்போம். நாங்களும் அதே பணிவோடு "ஆகட்டுங்க" என்று தலையாட்டிவிட்டோம்.

திரும்பி வந்த புதிதில் அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தானாகவே வேறொரு பம்ப் கம்பெனிக்கு விண்ணப்பித்தாள். அவர்கள் பம்ப் ஒன்றின் வரைபடத்தை அனுப்பி, அதைத் திருத்தித் திங்கட்கிழமை காலைக்குள் அனுப்பச் சொன்னார்கள். அது சரியாக இருந்தால்தான் வேலை. லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தாள். உயிர் இருந்தது, ஆனால் அந்தப் படம் திறப்பதற்குள் அம்மா கிரைண்டரில் மாவே ஆட்டி முடித்துவிடுவாள். ஒரு கோடு இழுத்தால் திரை அப்படியே நின்றுவிடும். புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாங்ணா. என் சம்பளத்துல நானே வாங்கிக்கறேன்."

சம்பளமே இந்தச் சனியன் ஓடினால்தானே வரும் என்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். காந்திபுரம் போய் வேகமான புது டிஸ்க் ஒன்றும், கூடுதல் மெமரிக்கு ஒரு ரேமும் வாங்கி வந்தேன். பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் கேபிள் போட்டுப் புதியதற்கு நகலெடுத்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஒரு ஸ்க்ரூவும் அசைந்து கொடுக்கவில்லை. ஸ்க்ரூ இருக்கும் குழி ஒவ்வொன்றிலும் மஞ்சளாக ஏதோ கெட்டிப்பட்டு அடைத்திருந்தது. துரு என்று நினைத்து அழுத்தித் திருகினேன். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி ஒரு ஸ்க்ரூவின் தலை தேய்ந்துவிட்டது. தங்கை குனிந்து நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள்.

"ஏனுங்ணா, இது சந்தனமுங்க!"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமல், "நாந்தான் வெச்சேன். ஆயுத பூஜைக்கு" என்றார்.

அப்பா பட்டறையில் இரும்பு கடையும் லேத் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆயுத பூஜை வந்தால் எங்கள் வீட்டில் மிக்ஸி முதல் நகவெட்டி வரை எதுவும் அவரிடமிருந்து தப்பாது. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஸ்க்ரூ குழிக்குள்ளயா பொட்டு வெப்பாங்க? அதுவும் யாருமே தொடாத லேப்டாப்புக்கு?"

"லேத்துக்கும் போல்ட்டு மேலதான் வெப்பேன். தொழில் சாமானுக்கு வெக்காம உடலாமா? அது அம்மணியோட தொழில் சாமான்."

தங்கை அவரையே பார்த்தாள். "நான் இங்க இல்லாதப்பவுங்களா?"

"வருசா வருசம் வெச்சேன், கண்ணு."

அவள் எழுந்து போய் வெந்நீரும் பஞ்சும் ஊக்கும் எடுத்து வந்தாள். என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, பஞ்சை நன்றாகப் பிழிந்து ஒற்றி ஒற்றி, சந்தனத்தை ஏடு ஏடாக நோண்டி எடுத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. புருஷன் வீட்டில் அவளை ஒன்றுக்கும் உதவாதவள் என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தனை வருஷமும், இங்கே அவளுடைய வேலைக்கு ஒருவர் பூஜை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதை ஒரு வார்த்தை யாரிடமும் சொன்னதில்லை.

ஸ்க்ரூக்கள் கழன்றன. தலை தேய்ந்ததை மட்டும், கறிவேப்பிலைக் கட்டிலிருந்த ரப்பர் பேண்டை நடுவில் வைத்து அழுத்தித் திருகி எடுத்தேன். பழைய டிஸ்க்கை உருவிப் புதியதைப் பொருத்தினேன். ரேமைச் சாய்வாகச் செருகி, 'டிக்' என்று பிடிக்கும்வரை அமுக்கினேன். அடிப்பக்கத்தை மூடிவிட்டு, பொத்தானை அழுத்தியதும் நாங்கள் மூச்சு விடுவதற்குள் திரை வந்துவிட்டது. பம்ப் படமும் சட்டென்று திறந்தது. அவள் வரைய ஆரம்பித்தாள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் படம் போய்ச் சேர்ந்தது.

அந்த வாரமே கம்பெனியிலிருந்து போன் வந்தது. அடுத்த மாதம் முதல் வேலைக்கு வரச் சொன்னார்கள். அம்மா சர்க்கரை எடுக்க உள்ளே ஓடினாள். அப்பா தங்கை கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க நீ படற பாடு தெரிஞ்சப்பவே வந்து உன்னையக் கூட்டியாந்திருக்கோணும், கண்ணு. சாமி கும்புட்டுப்போட்டு ஊட்டுலயே உக்காந்துட்டேன்."

"நீங்க வருவீங்கன்னு தெனமும் வாசல் கேட்டையே பாத்துட்டு இருந்தேனுங்ப்பா" என்றாள் அவள். கையை விடுவித்துக்கொள்ளவில்லை.