ஒரு கைப்பிடிக் கல்

ஆராய்ச்சிக்கான என் முதல் பாறைக் கல்லை அரைக்க நிலவியல் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோன அன்றுதான் அவரைப் பார்த்தேன். எங்கள் ஊரின் முதல் பட்டதாரி என்ற மிதப்பு என் நடையிலேயே தெரிந்திருக்க வேண்டும். அரவை அறையில் கல்லை வாங்கியவர் சுத்தியலால் ஒரே போடு போட்டு, ஒரு கைப்பிடித் துண்டைத் தன் அலமாரிக்குள் வைத்துக்கொண்டார்.

"மீதியை அரைங்க, பட்டதாரி. இது என் பங்கு."

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் சல்லடை அக்கா. தலையில் நரை எது, கல்தூள் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் பங்கின் கதையைத் தேநீர் வேளைகளில் அவரே துண்டு துண்டாகச் சொன்னார்.

அவரும் ஆராய்ச்சி மாணவியாக வந்தவர்தான். பூமியின் ஓட்டுக்கு அடியில் உள்ள மேன்டிலிலிருந்து கடலடி மலைத்தொடருக்கு ஏறிவந்த பாறை ஒன்றைக் கப்பலில் வாரி எடுத்து வந்திருந்தார்கள். தேங்காய் அளவுகூட இல்லை. ஆர்வத்தில் முழுவதையும் அரவை மெஷினில் போட்டுவிட்டார். தூளைச் சலித்துக் கழுவியதில், மணலைவிடப் பொடியான சிர்கான் என்னும் கனிமத்தின் மணிகள் சில கிடைத்தன. வயதைக் கணக்கிட்டால், அந்தக் கடலே பிறப்பதற்கு வெகுகாலம் முந்தியவை. கிரானைட் போன்ற கண்டத்துப் பாறையில் இருக்க வேண்டிய சரக்கு.

அவரை வழிநடத்திய பேராசிரியர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அதுக்கு முன்னாடி கிரானைட் அரைச்சிருக்காங்க. வெள்ளைக்கல் ஓட்டினியாம்மா?"

ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே வெறும் வெள்ளைக்கல்லை அரைத்து மெஷினின் பல்லில் ஒட்டிய பழைய தூளைப் போக்குவது அங்கே வழக்கம். அன்று கணவர் வாசலில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். ஓட்டினோமா, இல்லையா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஞாபகம் இல்லை என்றே சொல்லியிருக்கிறார். மறுபடி அரைத்துப் பார்க்கக் கல் மிச்சமில்லை. மணிகள் குப்பைக்குப் போயின. அதற்குப் பிறகு தான் எடுத்த எந்த முடிவையும் அவராலேயே நம்ப முடியவில்லை. பட்டம் கைநழுவியது. அரவை அறைக்கு ஆள் தேடியபோது அந்த வேலையில் சேர்ந்தார்.

பல வருடம் கழித்து, அதே கடலடி மலைத்தொடரில் வேறொரு கப்பல் எடுத்த பாறைகளில் அதே போன்ற கிழட்டு மணிகள் கிடைத்தன. கண்டங்கள் பிரிந்தபோது அடியில் பிய்ந்துபோன துணுக்குகள், முழுக்கக் கரையாமல் மேன்டிலில் கிடந்திருக்கின்றன என்றார்கள். ஓய்வு பெற்றிருந்த பேராசிரியர் போன் செய்து, அன்றைக்கு நீ பார்த்தது நிஜம்தான் என்றாராம். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

"அவங்களோடது நிஜம், தம்பி. என்னோடது நிஜமா, கிரானைட் அழுக்கான்னு இனி யாராலயும் சொல்ல முடியாது. அந்தக் கல்லு என் கைக்கு வராம கடல்லயே கிடந்திருக்கலாம்."

தேநீர் ஆறிப்போயிருந்தது.

இப்போதும் அவர் அரவை அறையில்தான் இருக்கிறார். அடுத்த வருடம் ஓய்வு. அலமாரி நிரம்பி, துண்டுகள் ஜன்னல் விளிம்புவரை வந்துவிட்டன. என்னுடையது இரண்டாம் தட்டில் இருக்கிறது.