புயலுக்கு வெற்றிலை பாக்கு

மாமியாரைப் புகழ்ந்து எழுதுகிற மருமகனை யாரும் நம்பமாட்டார்கள். வீட்டில் ஏதோ தப்புத்தண்டா செய்துவிட்டுப் பூசி மெழுகுகிறான் என்றுதான் நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். தெருத் தெருவாக மீன் விற்கிற சொர்ணத்தைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப்போகிறார்கள்?

உப்பளம் பக்கம் என் அத்தையின் குரல் கேட்காத தெரு கிடையாது. காலையில் அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வருவார். வஞ்சிரம் வேண்டும் என்று கேட்டவரிடம் சங்கராவைத் தள்ளிவிட்டு, வாங்கியவரே நன்றி சொல்லும்படி செய்துவிடுவார். எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த வீட்டில் படி ஏற முடியாத கிழவர் இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சரீரம் கனம், நடை வேகம், வாய் அதைவிட வேகம்.

அவரிடம் ஓர் ஆரஞ்சு நிறச் சட்டை உண்டு. பேரிடர் காலத்தில் உதவி செய்யும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி முடிந்ததும் கொடுத்தது. தோளில் கொஞ்சம் இறுக்கும். ஆனாலும் துவைத்து, இஸ்திரி போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். வானிலை அறிக்கையில் புயல் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், அன்றைக்கு மீன் வியாபாரம் கிடையாது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அதற்குக் காரணம் இருக்கிறது. சுனாமி வந்தபோது அத்தையின் வீடு புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்தில் இருந்தது. கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்க ஊரே கரைக்குப் போயிருந்தது. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அத்தைக்கு அது நல்லதாகப் படவில்லை. ஐந்து வயது சத்யாவை, அதாவது இன்று என் மனைவியாக இருக்கும் சத்யப்பிரியாவை, இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினார். ஓடும்போது அண்ணன் மனைவியைக் கூப்பிட்டார். அடுப்பில் இருக்கும் குழம்பை இறக்கிவிட்டு வருகிறேன் என்று அந்த அண்ணி உள்ளே போனார். திரும்பி வரவில்லை. இதை அத்தை என்னிடம் ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவர் அழவில்லை.

இனி எங்கள் பக்கம். என் அம்மா தையல்நாயகி பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பா போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு என்னோடு உப்பளத்துக்கு வந்தாள். மழை என்றால் ஏரி நிரம்பும், நாற்று விடலாம், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். வானத்திலிருந்து விழுகிற தண்ணீரைக் கண்டு பயப்படுவது அவள் கணக்கில் நன்றி கெட்ட வேலை. தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் நான் மிஷின் ஓட்டும்போது பேக்கிங் பிரிவில் இருந்த சத்யாவைக் காதலித்தேன். அம்மா ஒரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு சம்மதித்தாள். ஆனால் ஒரு நிபந்தனை. கடலோரத்துப் பெண்ணானாலும் முறை, மரியாதை எதிலும் குறை வைக்கக்கூடாது.

குறை வந்தது போன வருடம். சுனாமிக் குடியிருப்பில் கொடுத்த வீட்டுக்கு மேல் அத்தை ஒரு தளம் கட்டினார். குடிபோகும் விசேஷத்துக்கு எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினார். அந்த எல்லோரிலும் என் அம்மாவும் இருந்தாள். அம்மா போனைக் கை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தாள்.

"சம்மந்தி ஊட்டுக்கு வந்து வெத்தல பாக்கு வெச்சி அழைக்க அவங்களுக்குக் கால் வலிக்குதாமா?"

மகள் வீடுதானே, தினமும் மீன் கொடுக்க வருகிற வீட்டுக்குத் தட்டு எதற்கு என்பது அத்தையின் நியாயம். தினமும் வருகிறவர் ஒரு நாள் தட்டோடு வரக்கூடாதா என்பது அம்மாவின் நியாயம். விசேஷத்துக்கு அம்மா போகவில்லை. அன்றிலிருந்து பேச்சும் இல்லை. அத்தை கொண்டுவரும் மீனை மட்டும் ஒத்துக்கொண்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமானால் என் மகள் அபியிடம் சொல்லுவாள். மூன்று வயது அபி அதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைப் போய்ச் சொல்லும்.

இந்த நிலையில்தான் ஃபெஞ்சல் புயல் வந்தது. சத்யாவுக்கு அப்போது நிறைமாதம். இரண்டாவது பிரசவம் என்பதால் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். எங்கள் தெரு வாய்க்காலை ஒட்டியது. ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போக, வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. தெருவிலிருந்து இரண்டு படி கீழே இறங்கித்தான் எங்கள் வீட்டுக்குள் போக வேண்டும். அதன் அர்த்தம் அத்தைக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. முகாமுக்குப் போகச் சொல்லி ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து சொன்னார்கள். தெருவில் ஒருவரும் அசையவில்லை. அந்தப் புயல் வலுவிழக்கும் என்று முதலில் சொல்லியிருந்தார்கள், பிறகு வலுவடையும் என்றார்கள். பக்கத்து வீட்டு வசந்தா வாசலில் நின்று சிரித்தாள்.

"எங்க போறதுன்னு புயலுக்கே தெரியல. நம்ம எங்க போறது?"

மதியத்துக்கு முன்பே அத்தை ஆரஞ்சுச் சட்டையோடு சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"மாப்ள, எல்லாரையும் கெளப்புங்க. பள்ளிக்கூடத்துல முகாம் தொறந்துட்டாங்க. மேக்கயிருந்து வர்ற தண்ணியும் சேந்து வாய்க்கால்ல வந்துச்சின்னா இந்தத் தெரு தாங்காது. எங்க ஊட்டுக்குக் கூப்புடலாம்னா அது கடலோரம், காத்து அடிச்சிட்டுப் போவும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அபியைப் பார்த்தாள்.

"அபி, உங்க ஆயாகிட்ட சொல்லு. நம்மளது தளம் போட்ட மெத்த ஊடு, கூர ஊடு இல்ல. சோத்துப் பொட்டலத்துக்கு வரிசையில நிக்கற நெலம நமக்கு இன்னும் வரல. அழைக்காத எடத்துக்கு நான் போறதும் இல்ல."

"நீ கெளம்பு சத்யா" என்றார் அத்தை.

"அத்தயத் தனியா உட்டுட்டு நான் எப்படிம்மா வருவேன்?" என்று என் அம்மாவைக் காட்டிச் சொன்னாள் சத்யா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவளை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று வந்தது. அம்மாவை அதட்டவும் வாய் வரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். என் வாழ்க்கையில் நான் அதிக நேரம் நின்ற இடம் அதுதான்.

அத்தை வாதாடவில்லை. படி ஏறி வாசலுக்கு வந்தவர், பின்னாலேயே வந்த என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"கூப்ட்டும் வராத ஒரு அண்ணிய உட்டுட்டு ஓடுனேன் மாப்ள. அப்ப இடுப்புல புள்ள இருந்துச்சி. இப்ப கை சும்மாதான இருக்குது."

அவர் மழையில் நடந்து போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வசந்தா "ஐயோ, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். தெருக்கோடியில் கணுக்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அத்தை வந்துகொண்டிருந்தார். ஆரஞ்சுச் சட்டை இல்லை. சத்யாவின் கல்யாணத்துக்குத் தான் கட்டிய அரக்குப் பட்டுப்புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தார். தலையில் பூ. ஒரு கையில் குடை. இன்னொரு கையில், மீன் போடுகிற பாலிதீன் பையால் மூடிய எவர்சில்வர் தட்டு. குடை முழுவதும் தட்டின் மேல்தான் இருந்தது, அத்தையின் மேல் ஒரு ஓரம்கூட இல்லை.

இரண்டு படி இறங்கி உள்ளே வந்தார். பையை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமச் சிமிழ். ஒன்றில்கூட ஈரம் படவில்லை. அம்மாவின் எதிரே தட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"அண்ணி, இன்னிக்கு சாயந்தரம் பள்ளிக்கூடத்துல விசேஷம். குடும்பத்தோட முன்னாடியே வந்து, கூட இருந்து, சாப்ட்டு, ராத்திரி தங்கிட்டுத்தான் போவணும்."

ஒரு வருடத்துக்குப் பிறகு அம்மா அவரிடம் நேராகப் பேசினாள்.

"என்னா விசேஷம்?"

"புயல் கரையேறுது."

அத்தை முகத்தில் சிரிப்பு இல்லை. அம்மா தட்டில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இந்தத் தெருவுல மொதல்ல யார் ஊட்டுக்கு வந்தீங்க?"

"மொத அழைப்பு சம்மந்தி ஊட்டுக்குத்தான் அண்ணி. இதுகூடத் தெரியாதா எனக்கு?"

அம்மா வெற்றிலை பாக்கை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மசமசன்னு நிக்கறியே, பரண் மேல இருக்கற மூட்டையில பச்சரிசி இருக்குது, எறக்கு. விசேஷத்துக்கு வெறுங்கையோடவா போறது?" என்றாள்.

அதற்குள் வாசலில் வசந்தாவின் முகம் மாறிவிட்டது. "சம்மந்தி ஊட்டுக்கு மட்டும்தான் அழைப்பா? தெனமும் என்கிட்டயும்தான மீன் விக்கறீங்க?" அத்தை அசரவில்லை. அவளிடமும் தட்டை நீட்டி, முறைப்படி அழைத்தார். எதிர்வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களை விட முடியுமா? இப்படியே தெரு முழுக்கப் போனார். மைக் வைத்துக் கத்தியபோது நகராத தெரு, தட்டைக் கண்டதும் தலை சீவிக்கொண்டு கிளம்பியது.

எங்கள் தெரு முகாமுக்குப் போன அழகை அங்கே இருந்தவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மழையில் பட்டுப்புடவைகள், ஜிப்பா போட்ட கிழவர்கள். ஆளுக்கொரு சாமான். ஒருவர் பூசணிக்காய், ஒருவர் பருப்பு, வசந்தா தன் கேஸ் அடுப்பையே தூக்கிக்கொண்டு வந்தாள். சத்யாவை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிப் போனோம். ஊர்வலத்தில் சாமி போகிற மாதிரி இருந்தது என்று அவள் இன்றைக்கும் பெருமையடிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அம்மா உட்காரவே இல்லை. சம்மந்தி வீட்டு விசேஷம் அல்லவா. சாம்பாரில் உப்பு பார்த்தாள், பந்தி விசாரித்தாள், பொட்டலம் கொடுக்க வந்தவர்களை "இலை போடுங்க" என்று அதட்டினாள்.

அன்று இரவெல்லாம் மழை நிற்கவில்லை. விடிந்தபோது ஊரில் பல இடங்களில் படகு வைத்து ஆட்களை மீட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். எங்கள் தெருவில் மீட்க ஆளே இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்குப் போனோம். பீரோ குப்புறக் கிடந்தது. சேறும் சாக்கடையும் ஒரே நாற்றம். சத்யாவின் கட்டிலை ஒட்டிய சுவரில் தண்ணீரின் கறை படிந்திருந்தது, என் இடுப்பு உயரம். அம்மா அங்கேயே போய் நின்றாள். கட்டிலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு, உள்ளே தண்ணீர் நின்றால் இழுத்துத் திறக்க முடியாது. தெருவில் தண்ணீர் ஏறிய பிறகு அந்த இரண்டு படியில் நிறைமாத வயிற்றோடு சத்யாவால் ஏறி வந்திருக்க முடியுமா என்று நான் யோசித்ததைத்தான் அவளும் யோசித்திருப்பாள்.

சேற்றைத் தள்ளுவதற்காகத் துடைப்பத்தோடு அத்தை உள்ளே வந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே எனக்குத் தட்டெல்லாம் தூக்கினு வராதீங்க அண்ணி. கெளம்புன்னு சொன்னா கெளம்பிடறேன்."

அத்தை அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதார். அம்மாவும் அழுதாள். சத்யாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அபிதான் ஒன்றும் புரியாமல் சேற்றில் குதித்து விளையாடியது.

அந்த வாரமே பையன் பிறந்தான். அவனைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டிப் பழகுவதற்குள் அடுத்த காற்றழுத்தத் தாழ்வு வருகிறது என்றார்கள். இந்த முறை காற்று இல்லை, மழை மட்டும்தான் வரும் என்று அறிவிப்பு. அத்தை போன் செய்தார். பேசி முடித்து நான் திரும்புவதற்குள் அம்மா குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். அத்தை வீட்டு மாடியில் இரண்டு நாள் இருந்தோம். அம்மா அந்தப் புது வீட்டை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். ஜன்னல் சின்னது என்று ஒரு குறை சொன்னாள், அத்தையும் ஆமாம் என்று ஒத்துக்கொண்டார்.

மழை பேருக்குப் பெய்தது. தெருவில் ஒரு பொட்டுத் தண்ணீர்கூட நிற்கவில்லை. மூன்றாம் நாள் நல்ல வெயிலில், பச்சைக் குழந்தையோடு மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு நாங்கள் திரும்பி வந்ததை வசந்தா பார்த்தாள்.

"நான் போவல, பாத்தியா? இந்தக் கொழந்தயத் தூக்கினு வீணா அலஞ்சியேக்கா."

அம்மா பூட்டைத் திறந்துகொண்டே பதில் சொன்னாள்.

"தண்ணி வரலன்னா நல்லதுதான. கூப்புட ஒரு ஆளு இருக்குது, போனேன்."