ஜீப்புக்கு அடியில் ஒரு பனம்பலகை

அரசு வாகனத்தில், மேலலுவலகத்தின் எழுத்துபூர்வமான முன்அனுமதி இல்லாமல், எதையும் சேர்க்கவோ கழிக்கவோ மாற்றவோ கூடாது. விதி இவ்வளவுதான். பணியில் இருந்தவரை இதை உறக்கத்திலும் ஒப்பிப்பேன். ஓய்வுபெற்றபின் உறக்கம் போய்விட்டது, விதி மட்டும் மிச்சம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகள் கவிதா மூன்று துண்டுகளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். ஒன்று இரும்பு, ஒன்று அலுமினியம், ஒன்று கறுப்பு பிளாஸ்டிக். மலைப்பாதையில் ஏறுகிற வண்டி வாங்கியிருக்கிறாள். எஞ்சினின் வயிற்றைக் கல் கிழிக்காமலிருக்க அடியில் ஒரு தகடு தானே செய்து மாட்டப்போகிறாளாம்.

"எதப் போடலாம் மாமா? பதினோரு பக்கம் எழுதுன ஆள் நீங்கதானே."

கிண்டல்தான். அந்தப் பதினோரு பக்கத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் தெரியாதவர் இல்லை. நான் இரும்புத் துண்டை எடுத்து முகர்ந்தேன். எண்ணெய்ப் பிசுக்கு வாடை. அந்த வாடைக்கு எனக்கு எப்போதும் ஆமத்தூர்ப் பக்கத்து ஓடைதான் ஞாபகம் வரும்.

அப்போது நான் பட்டாசுக் கம்பெனிகளை ஆய்வு செய்யும் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஜீப் ஓட்டுநர் பெருமாள்சாமி, மல்லாங்கிணற்றுக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். 'சார்' என்று சொல்லிக்கொண்டே எனக்கு உத்தரவு போடும் திறமை அவருக்கு இருந்தது. பட்டாசு அறைகளை ஊருக்கு வெளியே, ஒன்றுக்கொன்று தள்ளித்தான் கட்டவேண்டும். அதற்கு விதி உண்டு. அங்கே போய்ச்சேரப் பாதை வேண்டும் என்று விதி உண்டா என்று கேட்காதீர்கள். ஓடைக்குள் இறங்கிக் கல்மேல் ஏறித்தான் போவோம்.

ஒருநாள் முற்பகல், நாங்கள் ஆய்வுக்குப் போயிருந்த இடத்திலேயே வெடிமருந்து செலுத்தும் அறையில் தீப்பிடித்தது. சீனியம்மாள் என்ற பெண்ணுக்கு இரண்டு கைகளும் வெந்துவிட்டன. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அந்தப் பெண் வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"எங்கயும் நிப்பாட்டிராதீகண்ணே."

ஓடையில் இறங்கியதும் கீழே ஒரு சத்தம். எஞ்சினுக்கு அடியிலிருந்த ஆயில் சேம்பர் உடைந்து எண்ணெய் அத்தனையும் மணலில் ஊற்றிவிட்டது. ஜீப் நின்றது. பெருமாள்சாமி ரோட்டுக்கு ஓடி, திருத்தங்கலுக்குப் பேப்பர் லோடு ஏற்றிப்போன வேனை மறித்தார். அதுவரை அந்தப் பெண்ணை சீமைக்கருவேல வேலிமர நிழலில் உட்காரவைத்து, ஆய்வுப் படிவக் கட்டால் விசிறிக்கொண்டிருந்தேன். அந்தப் படிவங்களால் நடந்த ஒரே நேரடிப் பயன் அதுதான் என்று நினைக்கிறேன். சீனியம்மாள் பிழைத்துக்கொண்டார். ஆனால் வலதுகை விரல்கள் பிறகு மடங்கவில்லை. தாமதத்தினால்தானா என்று டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அடியில் தகடு மாட்டியே ஆகவேண்டும் என்றார் பெருமாள்சாமி. நான் அனுமதி கேட்டுப் பதினோரு பக்கம் எழுதினேன். ஆறு மில்லிமீட்டர் இரும்புத் தகடு, வரைபடம் இணைப்பில். பதில் வரட்டும் என்றேன். அவர் அடுத்த வாரமே மாட்டிவிட்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்; அதற்கும் எங்கள் துறையில் பழக்கம் உண்டு.

அதே கம்பெனி வாசலில் போர்மேன் ராஜாமணி ஜீப்பைக் குனிந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அடியில இரும்பக் கட்டிக்கிட்டு இங்கன வராதீக சார். கல்லுல உரசுனா பொறி பறக்கும். எங்க பொம்பளையாளுக கொலுசையே கழத்தி வச்சிட்டுத்தான் உள்ள போறாக."

செருப்பில் இரும்பு ஆணி இருந்தால் நோட்டீஸ் கொடுக்கிற அலுவலகம் எங்களுடையது. பதினோரு பக்கத்தில் பொறி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அன்று மாலையே திருத்தக் கடிதம் எழுதினேன்.

அடுத்தது அலுமினியம். சிவகாசியில் அலுமினியத்துக்குப் பஞ்சமா? அச்சகங்களில் ஓட்டிக் கழித்த பிளேட்டுகளைக் கட்டுக்கட்டாக வாங்கலாம். பெருமாள்சாமி இருபது பிளேட்டுகளை அடுக்கி மாட்டினார். எல்லாம் காலண்டர் பிளேட்டுகள். லட்சுமி, முருகன் இருந்தவற்றை ஒதுக்கிவிட்டார். சாமியைக் கல்லில் தேய்ப்பதா? தேதியும் ராகுகாலமும் அச்சான பிளேட்டுகள் மட்டும் போதும் என்றார். ராகுகாலத்துக்கு மேலே உட்கார்ந்து மூன்று ஆய்வுக்குப் போனேன். நான்காவதில் பிளேட்டுகள் வாழையிலை மாதிரி கிழிந்து தொங்கின.

கடைசியில் நின்றது மரம். வயிரம் பாய்ந்த பனையிலிருந்து அறுத்த பலகைகள். அதன் அடிப்பக்கத்தில், கல் உடைக்கும் கிரஷரில் தேய்ந்த ரப்பர் பெல்ட். பித்தளை போல்ட்டுகளைப் பலகைக்குள் புதைத்து, எஞ்சின் சூடு தாக்காமலிருக்க மேல்பக்கம் மட்டும் இரண்டு பிளேட். ராஜாமணி வாசலிலேயே படுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப வாங்க" என்றார்.

ஆனால் பலகை எந்தத் தலைப்பில் வரும்? உதிரிபாகமா, மரச்சாமானா? மேலலுவலகம் கேட்குமுன் நானே கேட்டுக்கொண்டு, மேசை நாற்காலிகளுக்குக் கீழே மரச்சாமான் பதிவேட்டில் எழுதி, அடியில் எண்ணும் போடச்சொன்னேன். அப்படியும் ஆய்வுக்கு வந்த மேலதிகாரி கண்டுபிடித்துவிட்டார். அனுமதி வரும்வரை கழற்றி வையுங்கள் என்று என்னிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார். நானும் பெருமாள்சாமியிடம் வாய்மொழியாகச் சொன்னேன்.

அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எழுத்துல குடுத்துருங்க சார். கழட்டிருவோம்."

என்னோடு பன்னிரண்டு வருடம் வண்டி ஓட்டியவர். எதையும் எழுத்தில் கொடு என்று நான் எல்லோரையும் விரட்டியதைக் கேட்டுக்கொண்டே ஓட்டியவர். தாளை எடுத்தேன். 'பலகையை அகற்ற' என்பதுவரை எழுதினேன். அதன்கீழ் என் கையெழுத்தும், அதற்கும் கீழே அந்த ஓடையும் தெரிந்தன. தாளைக் கிழித்துவிட்டு, வண்டிப் பதிவேட்டில் 'பலகையோடு ஓடலாம், என் பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். விதியைக் கையெழுத்துப் போட்டு மீறியது பணிக்காலத்தில் அந்த ஒருமுறைதான்.

அடுத்த சீசனில், வெந்துபோன இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு அதே ஓடையில் இறங்கினோம். கீழே மொத்தென்று ஓர் அடி. எனக்குப் பல் கூசியது. பெருமாள்சாமி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. மேட்டில் ஏறித் தார்ரோட்டைத் தொட்டபிறகுதான் பேசினார்.

"நிப்பாட்டல சார்."

கவிதாவிடம் அலுமினியமே போடு என்றேன், கெட்டியாக. அவள் போகிற மலையில் பொறிக்குப் பயமில்லை, ஆனாலும் இரும்பு வீண் பாரம். ஓடையைக் காட்டுங்கள் என்று கேட்டாள். எதைக் காட்டுவது? அங்கே இப்போது பாலம். போன் செய்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. ராஜாமணியின் கம்பெனி இருந்த இடத்தில் வேலிமரம் வளர்ந்துகிடக்கிறது. ஜீப்பைக் கழிவு வண்டி என்று ஏலம் விட்டபோது பலகையும் அதோடு போய்விட்டது. மரச்சாமான் பதிவேட்டில் அதை அடிக்க மறந்துவிட்டேன், இன்றும் இருக்கும். பெருமாள்சாமி ஓய்வுபெற்று ஊருக்குப் போய், மூன்றாவது வருடம் காலமானார்.

அதற்கு முன் ஒருதடவை மல்லாங்கிணற்றுக்குப் போய் மேலலுவலகத்தின் பதிலை அவரிடம் காட்டினேன். திருத்தக் கடிதத்துக்கு அல்ல, முதல் கடிதத்துக்கு: 'ஆறு மில்லிமீட்டர் இரும்புத் தகடு பொருத்த அனுமதிக்கப்படுகிறது. பொருத்தியபின் அறிக்கை அனுப்புக.' அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டுதரம் படித்தார். "இன்னமும் இரும்புதானா சார்?" என்றார். பிறகு தபால் வருகை முத்திரையின் தேதியில் விரலை வைத்து, "இது நீங்க ரிட்டயர் ஆன அன்னைக்குல்ல?" என்றார்.

ஆமாம். மார்ச் முப்பத்தொன்று, பிற்பகல்.