கடைசி பஸ் அக்கா மலையேறிய வருஷம்

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. நோயாளிகள் படுத்து எழுந்த விரிப்புகள் மேல் மாடிகளிலிருந்து ஒரு தகரக் குழாய் வழியாகச் சரிந்து வந்து விழும். அவற்றைத் துவைத்துப் பிழிந்து இரண்டு சூடான உருளைகளுக்கு இடையே விட்டால் மறுபக்கம் காகிதம் போல வெளியே வரும். ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து உருளைக்குள் நேராக ஊட்டிவிடுவதுதான் அக்காவின் வேலை. நாள் முழுக்க நின்றபடி. கோணலாக ஊட்டினால் மடிப்பு விழும். விரலைக் கொஞ்சம் கூடுதலாக நீட்டினால் விரல் போகும். அங்கே எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள், அவரைவிட வயதில் மூத்த மேற்பார்வையாளர் உட்பட.

இந்த அக்கா ஐம்பதை நெருங்கும் வயதில் மலையேறும் கிளப்பில் சேர்ந்தபோது, சேர்ந்தவரைவிடக் கேள்விப்பட்டவர்களுக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது.

“வாரம் பூரா நின்னுட்டு வர்ற. ஞாயித்துக்கிழமையாவது உக்காரலாம்ல?” என்றார் அவருடைய கணவர். அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக்.

“நிக்கிறது வேற, நடக்கிறது வேறங்க.”

“மலை எங்கயும் ஓடிப் போயிடாது.”

“அதான் நான் போறேன்.”

அவர் போனதற்குக் காரணம் இருந்தது. ஊருக்கு மேற்கே ஒரு பெரிய மலை நிற்கிறது. எந்தத் தெருவில் திரும்பினாலும் கடைசியில் அதுதான். அக்கா பிறந்ததும் கல்யாணம் செய்துகொண்டதும் இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்ததும் அதன் காலடியில்தான். நிலாவின் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று டெலிவிஷனில் பார்த்துவிட்டார். இந்த மலையின் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கேட்ட யாருக்கும் தெரியவில்லை. கிளப்காரர்கள் வருஷம் முழுக்கச் சின்ன மலைகளில் நடந்து பழகிவிட்டு, வருஷக் கடைசியில் ஒரே ஒரு நாள் அந்தப் பெரிய மலைக்குப் போவார்கள் என்று வார்டில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அந்த ஒரு நாளுக்காகத்தான் அக்கா சேர்ந்தார்.

கிளப் என்றதும் கட்டடம், பலகை என்று கற்பனை செய்ய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பஸ் நிலையத்து டீக்கடை முன்னால் கூடுவார்கள். அதுதான் கிளப். தலைவர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தும் வாத்தியார். எல்லோருக்கும் முன்னால் பறப்பவர் கண்ணாடிக் கடைக்காரர். அவருக்கு ராக்கெட் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. அடுத்தவர் வங்கி மேனேஜர். கையில் கட்டியிருக்கும் கடிகாரம் தன் இதயத் துடிப்பைச் சொல்லும் என்பதை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொண்டே நடப்பவர்.

வாத்தியார் ஒரு நடைமுறை வைத்திருந்தார். ஆளாளுக்கு அவரவர் வேகத்தில் நடக்கலாம். ஆனால் பாதை பிரியும் இடங்களில் நிற்க வேண்டும், கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் எல்லோரும் கிளம்ப வேண்டும். “நம்ம கிளப்ல யாரையும் விட்டுட்டுப் போறதில்ல” என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு நிறைவு இருக்கும். நல்ல மனிதர். உலகத்து அநியாயங்களில் பாதியை நல்ல மனிதர்கள் நிறைந்த மனதோடு நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் நடையிலேயே அக்கா கடைசி. முதல் நிறுத்தத்துக்கு அவர் தலை தெரிந்ததும் பாறைமேல் கால் நீட்டிக் கிடந்த மேனேஜர் கை தட்டினார்.

“கடைசி பஸ் வந்தாச்சு! கிளம்பலாம், கிளம்பலாம்!”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அவர்கள் பையை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார்கள். அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், ஒரு வாய் குடித்தார், மூடினார், அவர்கள் பின்னால் போனார். அடுத்த நிறுத்தத்திலும் அதே கதை. அதற்கடுத்ததிலும்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கோடை முழுக்க அவர் கடைசி பஸ். ஒரு தடவை, மூச்சு முட்டிய ஒரு ஏற்றத்தின் முடிவில், வாய்விட்டே கேட்டார்.

“வாத்தியாரே, ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டுப் போலாமா?”

“அக்கா, நாங்க வந்து எவ்வளவு நேரமா உக்காந்திருக்கோம் தெரியுமா? கால் விறைச்சுப் போச்சு” என்றார் வாத்தியார், பொறுமையாக.

“நீங்க உக்காந்தீங்க. நான் உக்காரலையே.”

“கொஞ்சம் வேகமா வந்தீங்கன்னா நீங்களும் உக்காரலாம்ல?” என்றார் ராக்கெட். அதற்கும் சிரிப்பு.

இந்தப் பதிலில் என்ன ஓட்டை என்று யாரும் யோசிக்கவில்லை. அக்காவும் யோசிக்கவில்லை என்பதுதான் கொடுமை. திரும்பத் திரும்பச் சொன்னால் அடிபட்டவரே நம்பிவிடுகிறார். தன் உடம்பில்தான் கோளாறு என்று முடிவு கட்டினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரியின் பின்பக்கப் படிக்கட்டில் ஏறி இறங்கினார். வார்டு ஆயாக்கள் “யாருக்கு என்ன ஆச்சு?” என்று பதறி விசாரித்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தார். கணவர் பணிமனையிலிருந்து தடிமனான ரப்பர் துண்டு கொண்டுவந்து ஷூவுக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். “பஸ்ஸுக்கு டயர் மாத்தியாச்சு. இனிமே ஓடலைன்னா டிரைவர் மேலதான் தப்பு.” நாத்தனார் வந்து, இந்த வருஷம் உனக்குக் கட்டம் சரியில்லை, உயரமான இடம் ஆகாது என்று யாரிடமோ கேட்டு வந்து சொன்னார். வானத்தில் கோடி மைல் தூரத்தில் சுற்றும் கிரகங்களுக்கு ஒரு சலவைத் தொழிலாளியின் முழங்காலோடு என்ன பகை என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லாமல் போகவில்லை. “அம்மா மாடியில துணி காயப்போடும்போது அந்தக் கட்டம் லீவுல போயிடுமா அத்தை?” என்று அக்காவின் மகள் கேட்டாள். நாத்தனார் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பிறகு பாதிக் காபி வீணாவானேன் என்று உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனார்.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு சோதனை நடை. பெரிய மலைக்கு யாரைக் கூட்டிப்போகலாம் என்பது அதில் தெரிந்துவிடும். அக்கா அன்று தன்னால் முடிந்தவரை நடந்தார். கடைசிச் சரிவில் கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டார். கீழே இறங்கிய பிறகு டீக்கடையில் வாத்தியார் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. பெரிய மலை இதைப் போல மூணு மடங்கு. வழியில ஏதாவது ஆயிட்டா என் பொறுப்பு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“சரிங்க” என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். மகள் என்ன ஆச்சு என்று கேட்டாள். “மலை அங்கேயேதான் இருக்கும்” என்றார். கணவர் அன்று எதுவும் கிண்டலடிக்கவில்லை.

இருந்தும் அடுத்த ஞாயிறு போனார். பெரிய மலை இல்லையென்றால் சின்ன மலையும் இல்லையா என்ன? அன்றுதான் ராக்கெட்டும் திரும்பி வந்திருந்தார். நடுவில் சில வாரங்களாக அவரைக் காணோம். கடையில் உயரத்து அலமாரியிலிருந்து கண்ணாடிச் சட்டங்களை எடுக்கும்போது ஏணி வழுக்கி முழங்காலில் அடி. இப்போது ஆறிவிட்டது, ஆனால் மெதுவாகத்தான் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆக, கிளப் வரலாற்றிலேயே முதல் தடவையாக ராக்கெட் பின்வரிசையில் வந்தார், அக்காவோடு.

“என்ன தம்பி, பெட்ரோல் தீந்துபோச்சா?” என்றார் அக்கா.

“சும்மா இருங்கக்கா. எரிச்சலா இருக்கு.”

ஏற்றம் முடிந்து முதல் நிறுத்தம் தெரிந்தது. ராக்கெட் நொண்டிக்கொண்டே போய் ஒரு பாறையைப் பார்த்து, அதில் உட்காரக் குனிந்தார். அவர் பின்பக்கம் பாறையைத் தொடவில்லை, மேனேஜர் கை தட்டிவிட்டார்.

“கடைசி பஸ் ரெண்டும் வந்தாச்சு! கிளம்பலாம்!”

எல்லோரும் எழுந்தார்கள்.

“யோவ்!” ராக்கெட் கத்தியது எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. “இப்பதான்யா வந்தேன்! எங்கய்யா எந்திரிக்கிறீங்க?”

“நாங்க வந்து எவ்வளவு நேரமாச்சு...” என்று ஆரம்பித்தார் வாத்தியார்.

“நீங்க உக்காந்தா எனக்கு எப்படிய்யா கால் வலி போகும்? நல்லா நடக்கிறவன் எல்லாம் நல்லா உக்காந்து எந்திரிப்பீங்க, நடக்க முடியாதவன் நிக்காம நடக்கணுமா? இது என்னய்யா நியாயம்?”

சில முகங்களில் கணக்கு ஓடுவது தெரிந்தது. வாத்தியார் கையில் இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதையேதான் நான் வெயில் காலத்துல இருந்து சொல்றேன்” என்றார் அக்கா.

சொன்னார்தான். கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில். சலவைப் பிரிவில் நிற்கும் ஒரு பெண் சொன்னபோது அது சோம்பேறித்தனமாகக் கேட்டது. கண்ணாடிக் கடை முதலாளியின் முழங்கால் சொன்னபோது அது நியாயமாகக் கேட்டது. ஒரு உண்மை காதில் ஏறுவதற்குக்கூட ஆள் பார்க்கிற உலகம் இது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

ஆனால் வாத்தியாரை ஒன்றுக்குப் பாராட்ட வேண்டும். தவறு என்று தெரிந்த பிறகு அவர் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. அக்காவின் பக்கம் திரும்பினார்.

“ஒவ்வொரு நிறுத்தத்துலயும் உங்களைத் துரத்தியிருக்கோம் அக்கா. நீங்க முழுசா ஒரு தடவைகூட உக்காரவே இல்ல. அதை வச்சு உங்களுக்குத் தெம்பில்லைன்னு வேற சொல்லிட்டேன்.”

“சொன்னீங்க” என்றார் அக்கா. பரவாயில்லை என்று சொல்லவில்லை.

“இன்னையில இருந்து கடைசியா வர்றவங்க எந்திரிச்சாத்தான் மத்தவங்க எந்திரிக்கணும்.”

“அப்ப நாங்கெல்லாம் மாட்டு வண்டியா போகணுமா?” என்றார் மேனேஜர். “சாயந்திரம் பஸ்ஸைப் பிடிச்ச மாதிரிதான்.”

“ஒரு நாள் செஞ்சு பாப்போம். பேசிக்கிட்டே இருந்தா தெரியாது.”

செய்து பார்த்தார்கள். அக்கா உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். ஆரஞ்சுப் பழம் உரித்து ராக்கெட்டுக்குப் பாதி கொடுத்தார். மூச்சு தன் இடத்துக்கு வந்து சேர்ந்ததும் தானாகவே எழுந்தார். அடுத்த ஏற்றத்தில் அவர் கால்கள் வேறு யாருடையவோ கால்கள் போல இருந்தன. முன்னால் போனவர்கள் நிறுத்தத்தில் செருப்பைக் கழற்றி வசதியாகச் சாய்வதற்குள் அக்காவின் தலை தெரிந்தது. நடுவில் காத்திருந்த நேரம் எல்லாம் காணாமல் போயிருந்தது. பஸ் நிலையத்தில் வந்து இறங்கியபோது மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், தட்டினார், காதில் வைத்துப் பார்த்தார்.

“என்ன சார், நின்னுபோச்சா?” என்றார் ராக்கெட்.

“நேரமாயிருக்கும்னு நெனச்சேன். ஆகல” என்றார் மேனேஜர், யாரோ பணத்தை ஏமாற்றிவிட்டதைப் போன்ற முகத்தோடு.

டீ குடிக்கும்போது வாத்தியார் பொதுவாகச் சொல்வது போலச் சொன்னார்: “பெரிய மலைக்கு அக்காவும் வர்றாங்க.” அக்கா டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். வீட்டுக்குப் போனதும் கணவரிடம், “அந்த ரப்பர் ஒரு பக்கம் தேஞ்சிடுச்சு, மாத்திக் குடுங்க” என்று மட்டும் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்தார்.

வருஷக் கடைசி ஞாயிறு. குளிர். டீக்கடை முன்னால் ஒரு புது ஆள் நின்றார், ராக்கெட்டின் மனைவி. இத்தனை வருஷம் வந்ததில்லை. என்னால் முடியாது என்று அவரும் நினைத்திருந்தார், முடியாது என்று வீட்டுக்காரரும் சொல்லியிருந்தார். புது நடைமுறையைப் பற்றி ராக்கெட் வாய் ஓயாமல் வீட்டில் பேசியதைக் கேட்டு, “அப்படின்னா நானும் வருவேன்ல?” என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்காரரோடு தனியாகச் சின்ன மலைகள் நாலைந்தில் ஏறிக் காட்டிவிட்டு வந்திருந்தார். அவர் அக்காவைவிட மெதுவாக நடப்பவர்.

பெரிய மலை பேருக்கு ஏற்ற மலை. முதலில் முள்புதர், பிறகு சரளைக்கல், பிறகு கையை ஊன்றி ஏறும் பாறைகள். மதியத்துக்குள் உச்சியைத் தொடாவிட்டால் எந்த இடமாக இருந்தாலும் திரும்பிவிட வேண்டும், பிற்பகலில் மூடுபனி இறங்கும் என்று வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதில் சமரசம் கிடையாது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் வெயில் ஏறிக்கொண்டே போனது.

கடைசி நிறுத்தத்தில் நின்றால் உச்சி தெரிகிறது. தெரிகிறது என்றால் கல் கல்லாகத் தெரிகிறது. அக்கா அங்கே நாலாவதாக வந்து சேர்ந்திருந்தார். வந்தவர் உட்கார்ந்து உச்சியையே பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மறுபடி உச்சியைப் பார்த்தார். கால் தரையில் தாளம் போட்டது. ராக்கெட்டின் மனைவியின் தலை கீழே பாறைக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. முகமெல்லாம் வியர்வை. அக்கா பையை மாட்டிக்கொண்டு சட்டென்று எழுந்தார்.

“வந்துட்டாங்க, கிளம்பலாம்!”

சொன்ன பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது. ராக்கெட் அவரைப் பார்த்தார். மேனேஜரும் பார்த்தார். முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும் இடம் அப்படிப்பட்டது. யார் உட்கார்ந்தாலும் அந்தப் புத்தி வந்துவிடும். அதனால்தான் நல்ல மனசை நம்பி விட்டுவிடாமல் விதி போட வேண்டியிருக்கிறது.

“அடச்சே” என்று அக்கா தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

“எனக்காக உக்காராதீங்க அக்கா. நேரமாயிடும். நீங்க முன்னாடி போய்ப் பாருங்க” என்றார் வந்தவர், மூச்சுக்கு நடுவில்.

“வாயை மூடிட்டுத் தண்ணியக் குடிம்மா. நீ எந்திரிச்சாத்தான் நாங்க.”

மூடுபனி இன்னும் வரவில்லை. வந்துவிட்டால் இங்கிருந்தே திரும்ப வேண்டியதுதான். அக்காவுக்கு அது தெரியும். உச்சியைப் பார்க்காமல் ராக்கெட்டின் மனைவிக்கு முதுகு கொடுத்துச் சாய்ந்துகொள்ளச் சொன்னார். சாய்ந்திருந்தவரின் மூச்சு முதலில் படபடவென்று அடித்தது. பிறகு நிதானமாயிற்று. பிறகு அவராகவே, “போலாம்” என்றார்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் எல்லோரும் உச்சியில் இருந்தார்கள். கடைசிப் பாறையில் அக்காவின் கையை ராக்கெட்டின் மனைவி பிடித்திருந்தாரா, அவர் கையை அக்கா பிடித்திருந்தாரா என்று சொல்ல முடியவில்லை.

மறுபக்கத்தில் இன்னொரு மலை இருந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, ஒரு சாலை, அதில் எறும்பு போல ஊர்ந்த ஒரு லாரி. அக்கா வெகுநேரம் பார்த்தார்.

“இவ்வளவுதானா?” என்றார் மேனேஜர், அக்காவின் சார்பில்.

“இவ்வளவா!” என்றார் அக்கா.

ராக்கெட்டின் மனைவி ஷூவை இரண்டையும் கழற்றி, காலுறையையும் உருவிப் பாறைமேல் காயப்போட்டார். “நான் இப்போதைக்கு எந்திரிக்கிறதா இல்ல” என்று அறிவித்தார். வாத்தியார் சூரியனைப் பார்த்தார், மூடுபனி வருகிறதா என்று மேற்கே பார்த்தார். பிறகு தன் ஷூவின் நாடாவையும் அவிழ்க்க ஆரம்பித்தார்.